‘அமோக்’கும் தற்கொலையும்: ஒரு தோட்டத்துரையின் நாவலும் நமது லயங்களும்

ஒரு துயரத்திற்கு இலக்கியம் என்ன பெயர் சூட்டுகிறதோ, அந்தப் பெயராலேயே உலகம் அதனை அறிகிறது. பெயர் பெற்ற துயரம் பேசப்படுகிறது. பெயர் பெறாத துயரம் புதைக்கப்படுகிறது. இவ்வுண்மைக்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. கோலசிலாங்கூர் வட்டாரத்து ரப்பர்க் காட்டு வாழ்க்கையினின்று பிறந்த ஒரு நாவல், கொலைவெறியாக வெளிப்படும் ஒரு மனநோயை உலகறியச் செய்தது. அதே காட்டில் உழைத்துத் தன்னைத்தானே மாய்த்துக்கொண்ட தமிழ்த் தொழிலாளியின் நோய்க்கு எந்த நாவலும் அத்தகைய புகழைத் தேடித் தரவில்லை. பிறரைத் தாக்கும் கையும் தன்னைத் தாக்கும் கையும் இரு வேறு நோய்களுக்கு உரியனவா? அன்றி ஒரே வேரினின்று கிளைத்தனவா? அந்நாவலைத் துணைக்கொண்டு இதனை ஆராய்வோம்.

பிரெஞ்சு நாட்டவராகிய ஆன்ரி போக்கொனியே 1905-ஆம் ஆண்டு மலாயாவிற்கு வந்தார். கோலசிலாங்கூர்ப் பகுதியில் ரந்தாவ் பாஞ்சாங் என்னுமிடத்தில் தோட்டம் அமைத்து ரப்பர் பயிரிட்டார். 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வாணிபப் பயிராக நட்டவரும் அவரே. மலாயாவில் அத்தொழிலுக்கு அதுவே தொடக்கம். அத்தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் ஒலிப்பதை வாசகர்கள் கவனிக்க. இங்ஙனம் தோட்ட முதலாளியாக வாழ்ந்தவர் எழுதிய ‘மலேஸி’ என்னும் நாவல் 1930-இல் வெளிவந்து, அவ்வாண்டே பிரெஞ்சு இலக்கியத்தின் பெரும் பரிசாகிய கோன்கூர் பரிசினைப் பெற்றது. மறு ஆண்டில் ‘மலாயாவின் ஆன்மா’ என்று பொருள்படும் தலைப்போடு ஆங்கிலத்திலும் வந்தது.

நாவலில் ரோலேன், லெஸ்கால் என்னும் இரு பிரெஞ்சுத் துரைமார். அவர்களை அண்டி வாழும் மலாய்ப் பணியாள் ஙா; அவனுடைய தம்பி ஸ்மாயில். அமைதியும் அழகும் வாய்ந்த இந்த இளைஞனே இறுதியில் ‘அமோக்’ வெறி கொண்டு ஓடுகிறான். கதையின் உச்சமே அதுதான். ஆசிரியருக்கு உரிய நியாயத்தை முதலில் வழங்கிவிடுவோம். அவர் ஸ்மாயிலை மிருகமாக வரையவில்லை. வெறி கொண்டவனும் மனிதனே என்பதை மறக்கவில்லை. மலாய் மக்களின் பந்தூன் பாடல்களில் அவருக்கிருந்த காதலும் பொய்யன்று. அக்காலத்துத் தோட்டத்துரைகள் எழுதியவற்றோடு ஒப்பிட்டால் இந்நூல் மிக உயர்ந்தே நிற்கிறது. ஆயினும், ஒரு நோயை ஒரு நிலத்தின் ஆன்மாவாக மாற்றிக் காட்டும் பிழையினின்று அவராலும் தப்ப முடியவில்லை.

அமோக் என்பது யாது? நெடுநாள் மனத்துள்ளே புழுங்கிக் கிடந்த ஒருவன், ஒரு நாள் கையில் அகப்பட்ட ஆயுதத்தோடு கிளம்பி, எதிர்ப்பட்டோரையெல்லாம் தாக்குகிறான். பெரும்பாலும் பிறரால் கொல்லப்படுகிறான், அல்லது தன்னையே மாய்த்துக்கொள்கிறான். பிழைத்தால், நடந்தது நினைவில்லை என்கிறான். கண் இருண்டுவிட்டது என்னும் பொருளில் ‘மாத்தா கெலாப்’ என்று மலாய் மக்கள் இந்நிலையைக் குறிப்பர். சிங்கப்பூர் அரசாங்க மனநோய் விடுதியின் தலைவராயிருந்த கில்மோர் எல்லிஸ் 1893-இல் இதைப்பற்றி ஓர் ஆங்கில மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைக்கு இட்ட தலைப்பே ‘மலாய்க்காரரின் அமோக்’ என்பது. நோய்க்கு ஓர் இனத்தின் முத்திரை குத்தியாயிற்று! அந்த முத்திரையை மருத்துவர் குத்தினார். நாவலாசிரியர் அதற்கு அழகு சேர்த்தார்.

ஆனால் இது ஓரினத்திற்கே உரிய இரத்தக் குணமா? 16-ஆம் நூற்றாண்டில் கீழ்த்திசைக்கு வந்த போர்ச்சுகீசியர், ‘அமூக்கோ’ என்னும் சொல்லை ஜாவாவில் வெறி கொண்டு ஓடுவோருக்கும், மலையாளக் கரையில் சாவைத் துணிந்து போருக்குப் புகுந்த வீரருக்கும் ஒருங்கே வழங்கினர். நமது தமிழிலோ, சாது மிரண்டால் காடு கொள்ளாது என்னும் பழமொழி இருக்கிறது. அமோக்கிற்கு இதனினும் சுருக்கமான இலக்கணம் கூற முடியுமா? 1922-இல் ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெபான் ஸ்வைக் எழுதிய ‘அமோக்’ என்னும் கதையின் நாயகன் ஓர் ஐரோப்பிய மருத்துவன். வெறி அவனைத் துரத்துகிறது. முடிவில் அவன் கொல்வது தன்னைத்தான். ஐரோப்பியனுக்கும் அந்நோய் வரலாம் என்பதையும், பிறர்மேல் பாயும் வெறியும் தன்மேல் பாயும் வெறியும் அண்டை வீட்டுக்காரர் என்பதையும் ஸ்வைக் உணர்ந்திருந்தார்.

நிற்க. அக்காலத்துத் தமிழனின் நிலையைப் பார்ப்போம். கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் காட்டை வெட்டியவனும், விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்றவனும், பால்மரம் சீவியவனும் பெரும்பாலும் தமிழனே. ‘மலேஸி’ நாவலிலும் தமிழர் உண்டு. ஆயினும் நிலத்தின் ஆன்மாவைத் தேடிய ஆசிரியர் அதை மலாய்க் குடிசையிலே கண்டாரேயன்றித் தமிழனின் லயத்திலே காணவில்லை. கதை சொல்லும் துரைக்கும் பழனியாயி என்னும் தமிழ்ப் பெண்ணுக்கும் ஏற்படும் உறவு, கதையில் ஓர் இனிய நினைவாக வருகிறது. அதே உறவு லயத்திலிருந்து பார்க்கும்போது எப்படித் தோன்றியது என்பதற்கு வரலாறு விடை வைத்திருக்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவை எவை? எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடவாதீர். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடுக. துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் இழிவை நீக்குக. துப்பாக்கியே அதற்குப் பதிலாக வந்தது. துரை வீட்டுத் தாழ்வாரத்தில் கவிதையாக இருந்தது லயத்தில் அவமானமாக இருந்தது என்பதை இக்கோரிக்கைகளே சொல்லிவிடுகின்றன.

அவமானம், கள், திக்கற்ற தனிமை: இம்மூன்றும் ஒருங்கே குடிகொண்ட இடத்தில் மனம் நோயுறாதிருக்குமா? மலேசியாவில் தற்கொலையைப் பற்றி ஆராய்ந்த மனநல மருத்துவர் மணியம், 1988-லும் 1995-லும் வெளியிட்ட ஆய்வுகளில், இந்தியரிடையே அது பிற இனத்தாரைவிட மிகுதியாயிருப்பதைக் காட்டினார். தேசியத் தற்கொலைப் பதிவேட்டின் 2009-ஆம் ஆண்டு அறிக்கையும் அவ்வாறே கூறியது. இந்நோய்க்கு யாரும் அமோக் என்பது போன்றதொரு பெயர் சூட்டவில்லை. மலாய்க்காரன் வெறி கொண்டால் கொல்வான், தமிழன் மனமொடிந்தால் சாவான் என்பது இரு இனங்களின் இயல்பாகவே பேசப்பட்டுவிட்டது. ஒரு துன்பத்தை இரண்டாக வெட்டி இரண்டு இனங்களுக்குப் பங்கிட்டுவிட்டால், துன்பத்தின் காரணத்தை யாரும் கேட்கமாட்டார்களன்றோ?

லயத்துத் துயரத்தின் மறுபக்கத்தைக் காண, தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய கே. எஸ். மணியத்தை நாட வேண்டியிருக்கிறது. 1981-இல் வெளிவந்த அவருடைய ‘திரும்புதல்’ என்று பொருள்படும் நாவலில், சொந்த மண் ஒரு துண்டு வேண்டும் என்னும் ஏக்கம் முற்றிச் சித்தம் கலங்கும் தந்தை ஒருவர் வருகிறார். தமக்குரிமையில்லாத நிலத்தில் வீடு கட்டுகிறார். புரியாத மொழியில் பேசுகிறார். முடிவில் அவ்வீட்டோடு தாமும் அழிகிறார். வீட்டை அழித்தது வன்முறையா, தற்கொலையா? இரண்டும் ஒரே செயல். போக்கொனியே ஸ்மாயிலிடம் பாதியைக் கண்டார். மணியம் தந்தையிடம் முழுவதையும் கண்டார்.

பழந்தமிழும் இதனை அறியாததன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் உடலைத் தானே சிதைத்து, அந்தச் சிதைவினாலேயே நகரை எரிக்கிறாள். தன்னை வருத்துதலும் பிறரை அழித்தலும் அங்கே ஒரு கணத்தில் ஒன்றாகின்றன. அற்புதத்தை நம்பாதவரும் அந்த மனத்தின் உண்மையை மறுக்க முடியாது. அவளைப் பித்தி என்று யாரும் இகழாமைக்குக் காரணம் என்ன? இளங்கோவடிகள் எரியும் நகரத்தை மட்டும் காட்டவில்லை. அதற்கு முன் நெடுங்காலம் பொறுத்தவள், கணவன் கொலையுண்ட செய்தி கேட்டவள், அரசவையில் நீதி கேட்டவள் என ஒவ்வொரு படியையும் காட்டினார். முந்திய நாட்களை அறிந்தவன் பிந்திய கணத்தைக் கண்டு அஞ்சுவதில்லை, இரங்குகிறான். மனநோயை எழுதும் இலக்கியத்திற்கு இதுவே உரைகல்.

இனி இக்கால மருத்துவ ஆராய்ச்சி யாது கூறுகிறது என்பதைக் காண்போம். சுவீடன் நாட்டில் 1982 முதல் 1998 வரை பிறந்த சுமார் 18 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து, 2017-இல் முடிவு வெளியிட்டனர். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்கள், பிற்காலத்தில் வன்குற்றத்திற்காகத் தண்டிக்கப்படுவது மற்றவரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று தெரிந்தது. இதைக் கேட்டதும் அஞ்சுவோர் அடுத்த வரியையும் கேட்க வேண்டும். பிற மனநோய்கள், குடிப்பழக்கம், வறுமை முதலியவற்றைக் கணக்கிலெடுத்தபின், அந்த ஐந்து இரண்டுக்கும் கீழாகக் குறைந்தது. அதாவது, தொடர்பின் பெரும்பகுதி அந்த மனிதனின் பிறவிக் குணத்தில் இல்லை. அவனைச் சூழ்ந்த குடியிலும் வறுமையிலும் மருத்துவம் காணாத நோயிலும் இருக்கிறது. அன்றியும், தன்னைக் காயப்படுத்திக்கொண்டோரில் பெரும்பாலோர் பிறருக்கு எத்தீங்கும் செய்யவில்லை என்பதும் அப்பதிவுகளிலிருந்தே விளங்குவது.

அமெரிக்காவில் 1998-இல் வெளியான மக்கார்தர் ஆராய்ச்சியும் ஈண்டு நினைக்கத்தக்கது. மனநோய் மருத்துவமனையினின்று வீடு திரும்பியவர்களில் மது, போதைப் பழக்கம் இல்லாதோர், அதே தெருவில் வாழும் அப்பழக்கமில்லாத அண்டை வீட்டாரைவிட அதிகமாக வன்முறை செய்யவில்லை. எனவே, கோபத்தை ஊட்டியது நோய் என்பதைவிட மது என்பதே பொருந்தும். தோட்டத்திற்குள் பள்ளிக்கூடத்தைப் போலவே கள்ளுக்கடையையும் வைத்துக்கொண்டு, கூலிக்காரன் முரடன் என்று எழுதிய துரைமாரின் நாட்குறிப்புகளை இந்த ஒளியில் மீண்டும் படிக்க வேண்டும். 1941-இல் கள்ளுக்கடையை மூடச் சொன்ன தொழிலாளி, மருத்துவம் பல ஆண்டு கழித்துக் கண்டதைத் தன் குடும்பத்திலேயே கண்டிருந்தான்.

இவ்விரு துன்பங்களும் சேரும் மிகக் கொடிய இடம் ஒன்றுண்டு. பெற்ற குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு உயிரை விடும் தாயின் செய்தி நம்மவர் வாழும் எந்த நாட்டிலும் புதிதன்று. அவளைக் கொலைகாரி என்று சிலர் கூறுவர்; பத்தினித் தெய்வம் என்று சிலர் பாடுவர். இரண்டும் தவறு. தான் இல்லாத உலகில் தன் குழந்தை துன்புறும் என்று நம்பும் அளவிற்கு அவள் மனம் நோயால் இருண்டுவிட்டது. வெறுப்பன்று அக்கொலைக்குக் காரணம், இருண்டுபோன அன்பு. பிள்ளைப்பேற்றிற்குப்பின் வரும் மனச்சோர்வு மருந்தால் தணியக்கூடியது. அதனைப் பேய் என்று பூசாரியிடமும், திமிர் என்று மாமியாரிடமும் ஒப்படைத்த வீடுகளே அவளைக் கைவிட்டன.

வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தில், காவாத சினம் சினந்தவனையே அழிக்கும் என்றார். உடல்நலமுடையோர்க்கு அது தக்க அறிவுரையே. ஆனால் நோயுற்றவன் அறிவுரைக்குக் குறைவுபட்டவன் அல்லன், மருத்துவத்திற்குக் குறைவுபட்டவன். காய்ச்சல் கண்டவனுக்கு யாரும் குறள் ஓதுவதில்லை.

மனநோயாளி ஆபத்தானவன் என்னும் அச்சம், உண்மையில் அவனுக்கே ஆபத்தாய் முடிந்திருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், தர்க்காவை அடுத்த தனியார் விடுதியொன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் மாண்டனர். மொத்தம் 28 பேர். அவர்கள் யாரைக் கொன்றார்கள்? யாரையும் கொல்லக்கூடும் என்று அஞ்சிய சமூகமே அவர்களைக் கொன்றது. அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, கடும் மனநோயாளர்கள் வன்குற்றத்திற்கு இரையாவது பொதுமக்களைவிடப் பதினொரு மடங்கு என்று காட்டிற்று. தாக்குகிறவன் என்று பேரெடுத்தவன், தாக்கப்படுகிறவனாகவே வாழ்கிறான்.

இன்றைய திரைப்படமும் பழைய நாவலின் வழியையே பின்பற்றுகிறது. 2012-இல் வந்த ‘3’ என்னும் தமிழ்ப் படத்தின் நாயகனுக்கு இருமுனை மனநோய். அவன் பிறரைத் தாக்குகிறான். மனைவியையும் தாக்கிவிடுவோமோ என்று அஞ்சுகிறான். முடிவில் தன்னை மாய்த்துக்கொள்கிறான். நண்பனுக்குத் தெரிந்த நோய் மனைவிக்கு மறைக்கப்படுகிறது. அவனுடைய அச்சத்தைப் படம் உருக்கமாகவே காட்டுகிறது. ஆனால் இந்நோய் மருந்தாலும் குடும்பத்தின் துணையாலும் அடங்கக்கூடியது, அதனோடு நெடுநாள் நல்வாழ்வு வாழ்வோர் பலர் என்னும் உண்மைக்கு அதில் இடமில்லை. மறைத்தலே அவனுக்குப் பகையாயிற்று என்பதைச் சொல்லவேண்டிய கதை, விதியே பகை என்று சொல்லி முடிந்தது.

மறைத்தலுக்கு நமது மக்களைப் பழக்கியது வெட்கம் மட்டுமன்று, சட்டமுந்தான். வெள்ளையர் காலத்துக் குற்றச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனுக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று மலேசியாவில் 2023 வரை விதித்திருந்தது. இலங்கை 1998-இலேயே அத்தகைய சட்டத்தை நீக்கியது. சிங்கப்பூரில் 2020 முதல் அது குற்றமன்று. மலேசிய நாடாளுமன்றம் 2023-இல் அப்பிரிவை அகற்றியது. பிழைத்தவன் குற்றவாளி என்றிருந்தவரை, அவன் உண்மையைக் கூறுவானா? தோட்டத்து டிரெஸ்ஸரிடம் தவறி விழுந்தேன் என்பான். குடும்பமும் அதையே சொல்லும். சொல்லப்படாத முதல் காயம் அடுத்த காயத்திற்கு வழி. அந்த அடுத்த காயம் சில வேளை மனைவிமேலோ குழந்தைமேலோ விழுகிறது. தண்டனை பயன்பட்டதெல்லாம் நோயை ஒளிக்கத்தான்.

பேராக் மாநிலத்தில் 1911-இல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை அமைந்த ஊர் தஞ்சோங் ரம்புத்தான். இன்று அம்மருத்துவமனை பஹாகியா, அதாவது இன்பம், என்னும் பெயர் தாங்கியுள்ளது. ஆயினும் மலேசியத் தமிழர் வாயில் ஊரின் பெயரே வசைச்சொல்லாக நிற்கிறது. விளையாட்டுக்கும் வைவதற்கும் அப்பெயரைச் சொல்லிப் பழகிய பிள்ளை, வளர்ந்தபின் தன் மனம் நோகும்போது அங்கே செல்லத் துணிவானா? இலக்கியம் பெயர் சூட்டுவது போலவே வழக்கும் பெயர் சூட்டுகிறது. வழக்கின் பெயரால் விளையும் கேடும் சிறிதன்று.

ஆகவே நாம் கூறும் முடிவு இதுவே. தன்னை வருத்துதலுக்கும் பிறரை வருத்துதலுக்கும் உறவு உண்டு. அதை மறைப்பதால் பயனில்லை. ஆனால் அவ்வுறவு நோயாளிக்கு அஞ்சி விலகுவதற்கு ஆதாரமன்று. அவனிடம் முன்னதாகச் செல்வதற்கே ஆதாரம். தன்னைக் காயப்படுத்திக்கொண்டவனை அன்றே மருத்துவரிடம் சேர்ப்பவன், அவன் உயிரைக் காக்கிறான். அவன் வீட்டார் உயிரையும் ஒருவேளை காக்கிறான். தூக்கம் கெட்டவன், பேச்சைக் குறைத்தவன், திடீரெனக் குடியைப் பெருக்கியவன், நான் இருந்தென்ன என்று முணுமுணுப்பவன், இவர்கள் யாவரும் கண்ணெதிரே இருப்பவர்களே. உயிரை விட நினைக்கிறாயா என்று அன்போடு நேரே கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படுவதில்லை. மாறாக, சுமை இறங்குகிறது. கேட்டபின் அவனைத் தனியே விடாமல் அரசாங்க மருத்துவமனைக்கு உடன் செல்க.

நமது எழுத்தாளர்க்கும் ஒரு வார்த்தை. தென்னமரம், மேரி, நைஜல் கார்டினர் என்னும் தோட்டங்களின் பெயர்களைத் தாங்கி வாழ்ந்த குடும்பங்களின் கதை, ஒரு பிரெஞ்சுக்காரரின் நாவலில் ஓரத்து நிழலாக முடிந்துவிடக் கூடாது. லயங்கள் பல இன்றில்லை. அங்கே வாழ்ந்தவரின் பிள்ளைகள் நகரோரத்து அடுக்குவீடுகளில் இருக்கின்றனர். பழைய துயரம் புதிய முகவரியில் குடியேறியிருக்கிறது. அதனை எழுதுங்கள். ஆனால் வெறி கொண்டு ஓடும் கணத்தை மட்டும் எழுதாதீர்கள். அதற்கு முந்திய நூறு நாட்களை எழுதுங்கள். அந்த நூறு நாட்களில் எந்த நாள் யார் கை நீட்டியிருந்தால் அவன் நின்றிருப்பான் என்பதை வாசகன் கண்டுகொள்ளும்படி எழுதுங்கள். வாசகன் அதைக் கற்றுக்கொண்டால், அடுத்த வீட்டில் அந்த நாள் வரும்போது கதவைத் தட்டுவான்.